முப்பத்தேழாவது இட்லி

ஒரு சாவுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிய கதை இது. கேட்டு முடித்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் பொம்முராஜ், நாச்சிமுத்து, ராயப்பன் என்று மூன்று சுமைக்காரர்கள் இருந்தார்கள். மூவரும் இணைபிரியாத சினேகிதர்கள். சாப்பாட்டில் மட்டும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இன்று பரோட்டா, நாளை வாழைப்பழம் என்று ஏதாவது ஒரு பந்தயம் நடக்கும். தோற்றவன் ஜெயித்தவனின் மூட்டைகளையும் சேர்த்து அன்று முழுவதும் சுமக்க வேண்டும். பெரும்பாலும் சுமந்தவன் பொம்முராஜ்தான்.

போன ஆண்டு பொங்கலுக்குச் சந்தையில் வாழைப்பழப் போட்டி வைத்தார்கள். முடிய ஒரு நிமிடம் இருக்கையில் நாச்சிமுத்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அடச்சிருச்சு!" என்று கத்தியபடி சாய்ந்தான். பொம்முராஜ் பதறி எழுந்து அவனைத் தாங்கினான். நாச்சிமுத்து அவன் மடியில் கிடந்தபடியே கண்ணடித்துவிட்டு எழுந்து, இன்னும் இரண்டு பழத்தைத் தின்று ஜெயித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சந்தையில் பொம்முராஜைப் பார்த்தவர்களெல்லாம் தொண்டையைப் பிடித்துக் காட்டினார்கள்.

"மாப்ளே, இனி நீ செத்தே விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன்டா" என்றான் பொம்முராஜ். நாச்சிமுத்து அதற்கும் சிரித்தான்.

இந்த ஆண்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்த ஓட்டலில் இட்லிப் போட்டி. அரை மணி நேரம். தண்ணீர் தொடக்கூடாது, இடத்தை விட்டு எழுந்தவன் தோற்றவன். பரிசு ஒரு மொபெட். நாச்சிமுத்துவின் வீடு சந்தையிலிருந்து ஆறு கிலோமீட்டர். பொழுது விடியுமுன் தினமும் நடந்தே வருபவன் அவன். அன்று காலை அவன் மனைவி மாராயி ஏதோ கோபத்தில், "வண்டியோட வந்தா வா, இல்லாட்டி வீட்டுப் பக்கம் வராத" என்று சொல்லி அனுப்பினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டி தொடங்கியது. ராயப்பன் இருபத்திரண்டோடு கையைக் கழுவிவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நின்றுகொண்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பொம்முராஜும் நாச்சிமுத்துவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் மிச்சம் இருந்தபோது இருவர் கணக்கும் முப்பத்தாறு.

பொம்முராஜுக்கு வயிறு கல்லாகக் கனத்தது. இன்னொன்று இறங்குமா என்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. திரும்பினான். நாச்சிமுத்துவின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. முகம் கறுத்து, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. நகம் தோலில் இறங்கியது. எத்தனையோ மூட்டைகளை ஒன்றாகத் தூக்கிய கை அது. அதன் பிடியில் விளையாட்டு இல்லை என்பது பொம்முராஜுக்குப் புரிந்தது.

கூட்டம் சிரித்தது. "ஆரம்பிச்சுட்டான்டா! எந்திரிக்காத பொம்மு, எந்திரிக்காத!"

பொம்முராஜ் மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டான். முப்பத்தேழாவது இட்லியை எடுத்து வாயில் வைத்தான்.

நாச்சிமுத்து நாற்காலியோடு சரிந்தான். அப்போதும் சிலர் கைதட்டினார்கள். ராயப்பன்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். தலையை மடியில் வைத்து, "குடிடா, குடிச்சிரு" என்று ஒரு செம்புத் தண்ணீரை வாயில் ஊற்றினான். தண்ணீர் மூக்கு வழியே வந்தது. ஆஸ்பத்திரி சேரும்போது உயிர் இல்லை. "முதுகில் ஓங்கித் தட்டியிருக்க வேண்டும்; தண்ணீர் ஊற்றியிருக்கக் கூடாது. அதுவும் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே செய்திருந்தால்..." என்று டாக்டர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பகல். பொம்முராஜ் தனக்குப் பரிசாக வந்த மொபெட்டை ஏறி ஓட்டாமல், ஆறு கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே வந்து மாராயியின் வாசலில் நிறுத்தினான். உள்ளே ராயப்பன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மாராயி வண்டியைப் பார்க்கவில்லை. "நாந்தேண்ணே கொன்னேன். வண்டியில்லாம வராதன்னு இந்த வாயாலதேன் சொன்னேன். சொன்னபடியே வராமப் போயிட்டாரு" என்றாள்.

"இல்ல தாயி. இந்தக் கைதான். தட்ட வேண்டிய நேரத்துல தண்ணிய ஊத்தி மூச்ச அடச்சேன்" என்று ராயப்பன் முகத்தில் அறைந்துகொண்டு அழுதான்.

பொம்முராஜ் சொன்னான்: "என் மேலதான் தப்பு, தங்கச்சி. போன தடவ மாதிரி நடிக்கிறான்னு கடைசி வரைக்கும் நெனச்சுட்டேன்."

மாராயி அவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? அவரு அடிச்ச கூத்து அப்பிடி. யாரா இருந்தாலும் அப்பிடித்தேன் நெனச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டு கைகளாலும் வாங்கினான். அவனால் குடிக்க முடியவில்லை.

மூவரும் பழியைத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள். இதில் அந்தச் சாவைச் சுமக்க வேண்டியவர் யார்?

விடை: பொம்முராஜ். மாராயி சொன்னது கோபத்தில் வந்த சொல். யாரையும் சாகடிக்கச் சொன்னதல்ல. ராயப்பன் செய்தது தவறான வைத்தியம். ஆனால் அங்கே காப்பாற்ற நினைத்து ஓடிவந்தவன் அவன் ஒருவன்தான். பொம்முராஜ் நடிப்பு என்று நம்பி உட்கார்ந்திருந்தால் அவனையும் மன்னித்துவிடலாம். அவன் நம்பவில்லை, தெரிந்துதான் கையை உதறினான். உடனே எழுந்திருந்தாலும் நாச்சிமுத்து பிழைத்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மற்ற இருவரும் தங்கள் குற்றத்தை முழுதாகச் சொன்னார்கள். பொம்முராஜ் செய்யாத ஒரு சின்னத் தவற்றை ஒப்புக்கொண்டு, செய்ததை மறைத்தான். மாராயி மன்னித்தது அந்தச் சின்னத் தவற்றைத்தான். மற்றது இன்னும் அவனிடமே இருக்கிறது.