சீவாளியில் கட்டிய வரி

வீசுகிற காற்றுக்கு மட்டும் வரி போடாத ஒரு ராஜ்யம். அங்கே ஒரு கல்யாணச் சத்திரத்தில் தண்ணீர் இறைப்பவன் மருதையன். அவன் ஆசையைப் பார்த்துச் சத்திரத்துக்காரி செண்பகத்தம்மாள் தன் கைக்காசைப் போட்டு, ஒரு வருஷம் நாயனம் கற்றுவர அனுப்பினாள். திரும்பி வந்த அன்றே வரி மணியக்காரர் விருத்தகிரி வாசலில் நின்றார்.

“அம்மா உனக்காகக் குருவுக்குக் கொடுத்த பணம் உன் வருமானம்டா. ஆறில் ஒரு பங்கு வரி எடு.”

“காசு என் கையைத் தொடவே இல்லீங்களே. வித்தைதானே வந்துச்சு?”

“அதுவும் வருமானம்தான்!”

“அப்ப சரிங்க. நெல் விளைய வச்சவன் நெல்லாக் கட்டுறான், உப்பு விளைய வச்சவன் உப்பாக் கட்டுறான். நான் வித்தையாக் கட்டிடட்டுமா?”

மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த மணியக்காரருக்கு வாயெல்லாம் பல். ஓசிக் கச்சேரி! வரியை வித்தையாகவே கட்டலாம் என்று ஓலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வாசலில் ‘பீ... ப்பீ...’ என்று ஒரே அலறல். நாயனத்தின் வாயில் செருகுகிற சீவாளியை மட்டும் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான் மருதையன்.

“என்னடா கண்றாவி இது?”

“வரிங்க. பன்னிரண்டு மாசப் படிப்புல ஆறில் ஒரு பங்கு ரெண்டு மாசம். முதல் ரெண்டு மாசம் குரு என்னை வெறும் சீவாளிதான் ஊத விட்டாரு. வரிசைப்படி கட்டுறேன்.”

மூன்றாம் நாள் எருமை பால் கொடுக்க மறுத்தது. நாலாம் நாள் மணியக்காரரின் மனைவி பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டினாள். ஐந்தாம் நாள், “முதலாளி படிக்க வைத்தால் வேலைக்காரனுக்கு வரி இல்லை” என்று தண்டோரா போட்டார் மணியக்காரர்.

மகள் கல்யாணத்துக்கு மருதையனையே அழைத்தார். முழுக் கூலியும் முன்கூட்டியே கொடுத்தார்.

“ஒண்ணே ஒண்ணுப்பா,” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பன்னிரண்டாம் மாசம் படிச்சதை வாசி!”