மேகத்தை அழித்தவர்

"மேகத்தை விரட்டிட்டேன் மேடம். நிழல்தான் போகமாட்டேங்குது."

சங்கரலிங்கம் இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மதுரவல்லி ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

குன்றின் மேல் இரண்டே அறை. செயற்கைக்கோள் அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, எது வற்றிப்போனது என்று பட்டியல் எழுதும் இடம். இரண்டு பேர் வாய் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால், கீழே ஊரில் இதற்கு ஆசிரமம் என்று பெயர்.

சங்கரலிங்கம் நில அளவைத் துறையில் முப்பது வருடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். மதுரவல்லியைவிட இருபது வயது மூத்தவர். மாற்றலாகி வந்த முதல் நாளே, "நான் சிஷ்யன், நீங்க குரு, சொல்லிக் கொடுங்க" என்று கைகட்டி நின்றார்.

குரு அன்றைக்கு டீ போடச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

"எந்த நிழல் போகமாட்டேங்குது அண்ணாச்சி?"

"அது தெரிஞ்சாத்தான் தேவலையே. இங்க பாருங்க. ஆலடியேந்தல் கண்மாய் ஒரே கறுப்பு. மேலச்சூரணிக் கண்மாயும் ஒரே கறுப்பு. கறுப்புன்னா தண்ணின்னு கணினி சொல்லுது. சித்திரை வெயில்ல ரெண்டு கண்மாயும் நிறைஞ்சு கிடக்குமா? ஒண்ணு தண்ணி, ஒண்ணு மேகத்தோட நிழல். எது எதுன்னு பிடிபடலை."

ஒரு மணிக்குப் பட்டியல் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். வற்றிய ஊருக்குத் தண்ணீர் லாரி போகும். தப்பாக எழுதினால், வற்றிய ஊர் அடுத்த பட்டியல் வரும்வரை பத்து நாள் காலிக் குடத்தோடு நிற்கும்.

"ஊருக்குப் போன் போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ரெண்டு ஊரும் வத்திப்போச்சுன்னுதான் சொல்றாங்க. லாரி வருதுன்னா எந்த ஊர்தான் நிறைஞ்சிருக்குன்னு சொல்லும்?"

மதுரவல்லி சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையருகில் வந்தார்.

படம் துடைத்துவைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை.

"இதுல இருந்த மேகமெல்லாம் எங்கே?"

"வெட்டி எடுத்துட்டேன்." சங்கரலிங்கத்தின் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "வெட்டின இடத்துல போன மாசப் படத்தை ஒட்டுப் போட்டுட்டேன். தையல் தெரியுதா பாருங்க. தெரியாது."

"மேகத்தோட வந்த பழைய படம்?"

"அது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு? அழிச்சிட்டேன். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

"ரொம்பச் சுத்தம்" என்றார் மதுரவல்லி. மூலையில் கிடந்த குடையை எடுத்தார். "வாங்க, வெளியே போவோம்."

"மேடம், ஒரு மணிக்கு..."

"பத்தரைதானே ஆகுது."

குன்றின் விளிம்பில் வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே சமவெளி நெடுந்தூரம் விரிந்து கிடந்தது. வானத்தில் அங்கங்கே வெள்ளை மேகம்.

சங்கரலிங்கம் நெட்டை. மதுரவல்லி ஒரு பாறைமேல் ஏறி நின்று, அவர் தலைக்குமேல் குடையை விரித்து, நெற்றி மறையும்வரை தாழ்த்திப் பிடித்தார்.

"ஐயோ மேடம், எனக்குப் போய் நீங்க குடை பிடிச்சுக்கிட்டு..."

"தரையைப் பாருங்க. பனங்காட்டுக்கு அந்தாண்டை ரெண்டு கறுப்புத் திட்டு தெரியுதா?"

"தெரியுது."

"எது தண்ணி, எது நிழல்?"

சங்கரலிங்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கிடந்தன.

"கொஞ்சம் பொறுங்க. நிழல்னா நகரும்."

"உங்க படம் நகருமா?"

சங்கரலிங்கம் குடைக்கு வெளியே தலையை நீட்டப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். குடையும் சாய்ந்தது. வலப்பக்கம் சாய்ந்தார். அந்தப் பக்கமும் வந்தது. குனிந்து பார்த்தார். குடை முதுகில் இடித்தது.

"குடையை எடுங்க மேடம்!"

"வெயில் அடிக்குமே."

"அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். நான் மேலே பார்க்கணும்!"

"மேலே என்ன இருக்கு?"

"மேகம்தான்! அது எங்கே நிக்குதுன்னு பார்த்தாத்தானே எந்தக் கறுப்பு அதோடதுன்னு..."

வாய் திறந்தபடியே நின்றது.

மதுரவல்லி குடையை மடக்கினார்.

சங்கரலிங்கம் தலையில் கை வைத்தார். "குப்பைத்தொட்டியையும்ல காலி பண்ணித் தொலைச்சேன்!"

குரு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பென்டிரைவ் இருந்தது.

"நீங்க வந்த நாள்லேர்ந்து அழிச்ச மேகம் அத்தனையும் இதுல இருக்கு. போங்க."

ஐம்பத்தாறு வயது சிஷ்யர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

திரையில் மேகங்கள் திரும்பி வந்தன. காலைச் சூரியன் கிழக்கே. ஒவ்வொரு மேகத்துக்கும் மேற்கே, ஏறக்குறைய ஒரே தூரத்தில், அதே வடிவத்தில் ஒரு கறுப்பு. சங்கரலிங்கம் அடிக்கோலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். சங்கிலி பிடித்த கை.

மேலச்சூரணிக்குக் கிழக்கே வெட்டவெளி. ஒரு மேகமும் இல்லை.

ஆலடியேந்தலுக்குக் கிழக்கே, சரியாக அந்தத் தூரத்தில், ஆட்டுக் காது மாதிரி ஒரு மேகம். கண்மாய்க் கறுப்பும் ஆட்டுக் காதுதான். கரையைத் தாண்டி வெளியேயும் கொஞ்சம் நீட்டியிருந்தது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, கண்மாய் நிறைந்து வழிகிறது என்று குறித்து வைத்திருந்தார்.

அந்தக் குறிப்பை அடித்தார். 'ஆலடியேந்தல்: வற்றியது' என்று எழுதினார். படத்தையும் சேர்த்து அனுப்பினார். மணி பன்னிரண்டே முக்கால்.

ஒரு மணிக்குப் போன் வந்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க் வைரவன்.

"லாரி ஆலடியேந்தலுக்குக் கிளம்பிருச்சு சார். ஒண்ணு சொல்லணும். போன தடவை படம் பளிச்சுனு இருந்துச்சு. இந்தத் தடவை பூரா மேகமால்ல இருக்கு? அதை எடுத்துட்டு அனுப்பக்கூடாதா?"

சங்கரலிங்கம் மதுரவல்லியைப் பார்த்தார். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வைரவன், நாளைக்குப் பத்தரைக்குக் குன்றுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க."

"எதுக்கு சார்?"

"வாங்க சொல்றேன். வரும்போது ஒரு குடை எடுத்துட்டு வாங்க."