ஈசல் வந்த வீடு

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அந்தியில் ஒரு மணி நேரம் ஊரே விளக்கை அணைத்தது. காண்டிராக்டர் சடையப்பரின் பங்களா மட்டும் கல்யாண மண்டபமாய் ஜொலித்தது.

"எவனும் என் சுவிட்சைத் தொடாம விளக்கை அணைச்சுக் காட்டுங்கடா! நானும் உங்ககூடச் சேர்றேன்," என்று ஊராரிடம் சவால் விட்டார்.

"ஒரு மழை பெய்யட்டுங்கய்யா," என்றாள் அவர் வாசலைக் கூட்டும் பூவாத்தா.

மழை பெய்து ஓய்ந்த அந்தி. ஊர் கும்மிருட்டு. சடையப்பரின் சன்னலில் மட்டும் ஆயிரம் விரல்கள் தட்டுகிற சத்தம். ஊர் ஈசல் மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்து, சுவரே நெளிந்தது. ஈசலைத் தின்னத் தவளைகள் கூடத்துக்குள் குதித்தன, கத்தின. சட்டென்று அடங்கின. சோபாவுக்கடியில் ஏதோ சரசரத்தது.

சடையப்பரே பாய்ந்து எல்லா விளக்கையும் அணைத்தார்.

வாசலிலிருந்து பூவாத்தாவின் குரல் வந்தது:

"நாங்க எங்க விளக்கைத்தான் அணைச்சோம்யா. அசையாம நில்லுங்க. தவளைங்க அடங்கிட்டா, அதுங்களைத் தேடி வந்தது உள்ளேதான் இருக்கும்."