தம்பிக்கு என்ன சொல்வது?

மங்களேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஞாயிறுதோறும் மலையடிவார மடத்துக்குத் தியானம் கற்க வருவாள். அங்கிருந்த குரு சிவநேசன் அவளைவிடப் பத்து வயது இளையவர்.

ஒரு ஞாயிறு, எல்லோரும் போன பிறகும் அவள் எழவில்லை.

"என் தம்பிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, ஐயா."

தம்பி கதிரேசன் ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் மெக்கானிக். ஆவணியில் ஆலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து படுக்கைதான். சவரம் இல்லை, சாப்பாடு சரியில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதி நாள் போடுவதில்லை. அவள் போகும்போதெல்லாம் தைரியம் சொன்னாள். வேலை போய் மீண்டவர்களைப் பெயர் பெயராகச் சொன்னாள். போன வாரம் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாங்க, பஸ் இருக்கு."

கதிரேசன் வீட்டில் அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். தன் பெயரைச் சொன்னதோடு சரி. அரை மணி நேரத்தில் தலையணைக்கு அடியில் போன் மூன்று முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் கதிரேசன் உடம்பைச் சுருக்கிக்கொண்டான்.

"யாரு?" என்றார் குரு.

"வீட்டுக் கடன் கொடுத்த பேங்க்காரங்க."

"அவங்ககிட்ட உங்க அக்கா பேசலாமா?"

கதிரேசன் தலையணைக்கு அடியில் கையை விட்டான். பிறகு போனை அக்காவிடம் நீட்டினான்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள். "அவன்கிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலையே, ஐயா?"

"அவர் ஏற்கெனவே நிறையக் கேட்டுட்டார்."

மறுநாள் அவள் தம்பி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு வங்கிக்குப் போய், பேசி, ஆறு மாதம் அவகாசம் வாங்கினாள். போன் அடங்கியது. அதன்பின் சனிக்கிழமைதோறும் போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் அவனோடு நின்றாள். சில சனிக்கிழமை அவன் எழவே மாட்டான். அன்று பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்து வைத்துவிட்டு வந்தாள். வாய்வரை வந்த புத்திமதியை விழுங்கினாள். ஒருமுறை விழுங்க முடியாமல் சொல்லியும்விட்டாள். இரண்டு வாரம் அவன் முகம் கொடுக்கவில்லை.

தை மாதம் அவன் தனியாகவே டாக்டரிடம் போய்வந்தான். மாசியில் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினைக் கழற்றிச் சரிசெய்து கொடுத்தான். பங்குனியில் வேலை தேடிக் கிளம்பினான். இரண்டு பனியன் கம்பெனிகளில் இல்லை என்றார்கள். மூன்றாவதில், திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு அக்காவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து மடத்துக்கு ஓட்டிவந்தான்.

"வேலை கிடைச்சிருச்சு, ஐயா. எந்திரிக்கவே மாட்டேன்னு நெனச்சேன்."

மங்களேஸ்வரி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். "ஜெயிச்சுட்டான், ஐயா. இனிமே நான் சனிக்கிழமை போக வேண்டியதில்ல."

குரு அவளைப் பார்த்தார்.

"இத்தனை மாசம் நோயைப் பார்க்கப் போனீங்க. இந்தச் சனிக்கிழமை தம்பியைப் பார்க்கப் போங்க."