நாவல் மரம் விட்டுக்கொடுத்த இரண்டு நிறங்கள்

மரமும் பறவையும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், நாவல் பழம் பழுத்தாலும் பச்சையாகவே இருந்தது. இலைக்கும் பழத்துக்கும் வித்தியாசம் தெரியாததால் எந்தப் பறவையும் அதைத் தேடி வரவில்லை. பழங்கள் தாயின் காலடியிலேயே விழுந்தன; கன்றுகள் அங்கேயே முளைத்தன.

ஏரிக்கரையில் நின்ற ஒரு நாவல் தாய்க்கு அதில் பெருமை. "என் பிள்ளை ஒன்றுகூட என்னை விட்டுப் போனதில்லை" என்று காற்றிடம் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் கன்றுகள் தேறவில்லை. நூல்போல நீண்டு, வெளிறி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசியில் ஒருத்திதான் மிஞ்சினாள்.

ஒரு காலையில் கிளையில் வந்து உட்கார்ந்த குயில் கீழே எட்டிப் பார்த்தது. "என்னக்கா, உனக்குக் கொடி பிறந்திருக்கு?"

"வாயை மூடு. அவ என் மக. வெயில் படாம பொத்தி வளர்க்கிறேன்."

"அதான் அவளுக்கு ஆகலை. வெளிச்சத்துல இருக்கிற நீலம் தண்டைத் தடிக்க வைக்கும். சிவப்பு உடம்புல ஊறும். ரெண்டையும் மேலேயே நீ குடிச்சிடுறே. கீழே இறங்குறது பெரும்பாலும் பச்சைதான். அதை வெச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? வெளிச்சம் எங்கேன்னு தேடியே நீண்டு போறா."

தாய் திடுக்கிட்டாள். அன்று முழுவதும் அந்த இரண்டு நிறங்களையும் குடிக்காமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை. இலை என்று இருந்தால் அது குடிக்கத்தான் செய்யும். காப்பதற்கென்று விரித்த கிளைகளே பிள்ளையின் வாய்ச்சோற்றைப் பறித்தன என்றால், யாரை நொந்துகொள்வது?

"அம்மா" என்றாள் கன்று. இலை அசைவது போலத்தான் இருந்தது அந்தக் குரல். "நான் இங்கேயே வேர் விட்டுட்டேன். இனி எங்கே போக? அடுத்து வர்ற தம்பி தங்கச்சிகளையாவது தூரமா அனுப்பிடும்மா."

மழை வருமுன் அவளும் சாய்ந்தாள்.

அடுத்த முறை காய்த்தபோது, தாய் தான் குடித்துச் சேர்த்த சிவப்பையும் நீலத்தையும் காய்களுக்குள் இறக்கினாள். காய்கள் முதலில் சிவந்தன. பிறகு நீலம் ஏறிக் கறுத்தன. தூரத்திலிருந்தே அதைக் கண்டு குயில் பறந்து வந்தது.

"தின்னுட்டுப் போ. கொட்டையை மட்டும் வெளிச்சமான இடமாப் பார்த்துப் போடு. எந்த இடம்னு வந்து சொல்லுவியா?"

குயில் சொன்னது: "நானும் முட்டையைக் காக்கா கூட்டுல விட்டுட்டு வந்தவதான் அக்கா. எது என் பிள்ளைன்னு போய்க் கேட்டதில்லை."

தாய் அதற்குமேல் கேட்கவில்லை. கிளையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.

நாவல் பழம் சிவந்து கறுப்பதும், தின்றவர் நாக்கில் அந்த நிறம் ஒட்டிக்கொள்வதும் அன்று முதல்தான். ஆனாலும் சில பழங்கள் இன்றும் நேராக அவள் காலடியிலேயே விழுகின்றன. எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிட எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?