வரி மடங்கக் கூடாது

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் காலையிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாம் மீனவர் காலனி முகாமிலிருந்துதான். குடிக்கத் தண்ணீர் இல்லையாம். விவரங்களைக் கணினியில் பதியும் ஒப்பந்த ஊழியர் இசக்கியம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "எல்லா முகாமுக்கும் லாரி போயாச்சுன்னு கலெக்டர்கிட்ட சொல்லிட்டேன். உன் வேலையைப் பாரு" என்றார் சிறப்பு அலுவலர் தணிகாசலம்.

கலெக்டர் வரும் நேரம். பெரிய திரையில் முகாம் அட்டவணை அகலம் கொள்ளாமல் மடங்கி மடங்கி விழுந்து கிடந்தது. எந்த விவரம் எந்தத் தலைப்புக்கு என்றே புரியவில்லை.

"என்ன அலங்கோலம் இது? வரி மடங்கக் கூடாது. எழுத்து சிறுக்கக் கூடாது. ஒரு தலைப்பும் விட்டுப்போகக் கூடாது. முடியலேன்னா நாளைக்கு வராதே" என்றார் தணிகாசலம்.

"முடியும் சார். கலெக்டரம்மா வந்ததும் போடுறேன்."

கலெக்டர் வந்து உட்கார்ந்ததும் அவள் ஒரு சின்னக் கட்டளையைத் தட்டினாள். படுத்துக் கிடந்த வரி எழுந்து நின்றது. தலைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்திலேயே அதனதன் விவரம். மீனவர் காலனி முகாமின் விவரத்தைத்தான் முதலில் வரவழைத்திருந்தாள். அரிசி: வந்தது. பால்: வந்தது. தண்ணீர் லாரி: வரவில்லை.

தணிகாசலம் அவள் பக்கம் குனிந்து, "பழையபடியே போடு" என்றார்.

"அதுல வரி மடங்கிடுமே சார்" என்றாள் இசக்கியம்மாள், எல்லார் காதிலும் விழும்படி.

கலெக்டர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "தணிகாசலம், லாரியில நீங்களே ஏறிப் போங்க."

சாயங்காலம் போன் அடித்தது. "தணிகாசலம் பேசுறேன்மா. தண்ணி வந்துட்டுதுன்னு பதிஞ்சுக்க."

"அங்க யாராவது பக்கத்துல இருந்தா போனைக் குடுங்க சார்" என்றாள் அவள். "கேட்டுட்டுப் பதிஞ்சுக்கிறேன்."