வண்டிக்கு எது இடது?

கோவையில் அவிநாசி சாலையை விட்டுத் திரும்பினால், மூன்றாவது சந்தில் கோகிலவாணியின் பட்டறை. வண்டிகளுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் இடம் அது. அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தேழு.

சீடர் பெயர் சென்னியப்பன். முப்பத்தோரு வருடம் கார்புரேட்டர் மட்டுமே பார்த்தவர். வண்டிக்காரர் இறங்கி எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விடுவார். சென்னியப்பன் பானெட்டைத் திறந்து, வண்டிக்கு எதிரில் நின்று, காதைச் சாய்த்துக் கேட்பார். திருப்புளியைக் கால் சுற்று திருப்புவார். இருமிக்கொண்டிருந்த என்ஜினுக்கு மூச்சு சீராகிவிடும். டயர், விளக்கு, கதவு எல்லாம் வேறு ஆட்களின் வேலை.

கார்புரேட்டர் இல்லாத வண்டிகளே வரத் தொடங்கியதும் அவர் கோகிலவாணியிடம் வந்தார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மணி."

"வாங்ணா" என்றார் கோகிலவாணி. ஒரு நீலக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு.

எட்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னியப்பன் தனியாகச் செய்யும் முதல் வேலை வந்தது. கண் டாக்டர் ஹெப்சிபாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாக ஓடும். டாக்டர் அதைத் தன் நாற்பத்தாறாம் வயதில் வாங்கினார். இப்போது அவருக்கு அறுபத்து மூன்று. இன்றும் வியாழன்தோறும் கோத்தகிரி மலையில் நோயாளிகளைப் பார்க்க, அதை அவரே ஓட்டிக்கொண்டு போவார்.

அந்த வண்டியின் ஒவ்வொரு டயருக்குள்ளும், வால்வுக்கு அடியில், கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே காற்று எவ்வளவு என்று அது கம்பியில்லாமல் வண்டிக்குச் சொல்லும். காற்று குறைந்தால் டிரைவருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். எந்த டயர், எவ்வளவு காற்று என்று சின்னத் திரையில் எழுத்து வரும். சென்சாரின் பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியாது. பேட்டரி செத்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். இந்த வண்டியில் நான்கும் செத்திருந்தன.

"மாட்டறது பாதி வேலைங்ணா" என்று கோகிலவாணி சொல்லியிருந்தார். "ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நம்பர் இருக்குது. எந்த நம்பர் எந்தச் சக்கரத்துல இருக்குதுன்னு வண்டிக்குத் தெரியாது. நாமதான் சொல்லித் தரோணும். முன்னாடி இடது, முன்னாடி வலது, பின்னாடி வலது, பின்னாடி இடது. இந்த வரிசை மாறக் கூடாது."

சென்னியப்பன் வரிசையை மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நான்கு டயரையும் கழற்றிப் புது சென்சார்களை மாட்டினார். எல்லாவற்றிலும் முப்பத்திரண்டு காற்று வைத்தார். வண்டியைக் கற்றுக்கொள்ளும் நிலையில் வைத்துவிட்டு, சென்சாரைத் தட்டியெழுப்பும் கைக்கருவியை அந்த வரிசையில் ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் பிடித்தார். ஹாரன் ஒருமுறை ஒலித்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. நான்காவதற்கு இரண்டு முறை. வண்டி கற்றுக்கொண்டுவிட்டது.

அதோடு அவர் விடவில்லை. முன்னாடி இடது டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, உள்ளே எட்டித் திரையைப் பார்த்தார். 'முன் இடது' என்றது திரை. வலதில் இறக்கினார். 'முன் வலது' என்றது. பின்னாலும் அப்படியே. காற்றைத் திரும்ப நிரப்பினார். புதன்கிழமை மாலை வண்டியை அனுப்பினார்.

வியாழன் காலை எட்டரைக்கே அது திரும்பி வந்தது.

டாக்டர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க சென்னியப்பன், என்ர வண்டிக்குப் பொய் பேசக் கத்துக் குடுத்துட்டீங்களா?" என்றார்.

"என்னாச்சுங்க டாக்டரம்மா?"

"மேட்டுப்பாளையம் தாண்டறதுக்குள்ள விளக்கு எரிஞ்சுது. முன்னாடி இடது, இருபத்திநாலுன்னு காட்டுச்சு. பங்க்ல நிறுத்தி அந்த டயருக்குக் காத்து அடிக்கச் சொன்னேன். அடிக்கறவர், 'முப்பத்திரண்டு இருக்குதுங்களே'ன்னார். 'உங்க மீட்டர் பழசு, சென்சார் புதுசு, இன்னும் எட்டு வைங்க'ன்னேன். வெச்சார். விளக்கு அணையல."

"அப்பறங்க?"

"அப்பறம் மலை ஏறினேன். மொதல் வளைவுல ஸ்டியரிங், எதிர்ல வர்ற பஸ் பக்கமா இழுத்துச்சு."

சென்னியப்பன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அப்படியே ஓரங்கட்டித் திருப்பிக்கிட்டு மெதுவா வந்துட்டேன்."

"இப்ப என்ன காட்டுதுங்க?"

"அதே இடதுதான். இருபது."

சென்னியப்பன் அளவுமானியை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் வந்தார். இடது டயருக்குக் குனிந்தார். அளந்தார். இருபது. ரப்பரைத் தடவிப் பார்த்தார். உள்பக்கமாக ஓர் ஆணி ஏறியிருந்தது.

"சரியாத்தானுங்களே சொல்லுது! இடதுல ஆணி இருக்குது. காத்து இருபதுதான் இருக்குது."

முன்னால் இருந்த மற்ற டயரையும் அளந்தார். நாற்பது.

"டாக்டரம்மா, நீங்க வலதுல அடிச்சிருக்கீங்க."

"இடதுலதான் அடிச்சேன்."

"வலதுலதானுங்க நாப்பது இருக்குது."

"சென்னியப்பன், முப்பத்தஞ்சு வருசமா கண்ணு ஆபரேசன் பண்றேன். எனக்கு இடது வலது தெரியாதா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க..."

"போன வருசம் உங்க இடது கண்ணுல புரை எடுத்தது யாரு?"

"நீங்கதானுங்க."

"தப்பான கண்ணுல எடுத்துட்டேனா?"

"இல்லீங்க. நல்லாத் தெரியுதுங்க."

கோகிலவாணி அதுவரை உள்ளே வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கோகிலா, பதினோரு மணிக்கு மேல அங்க அறுபது பேர் எனக்காக உக்காந்திருப்பாங்க. இந்த விளக்கை நம்பி நான் மலை ஏறலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"சித்தெ இருங்க டாக்டர்."

சென்னியப்பனின் தலைக்குள் எல்லாம் சுற்றியது. அவர் சோதித்தபோது சரியாக இருந்தது. இப்போது அளந்தாலும் சரியாக இருக்கிறது. அதே திரை, அதே டயர். ஆனால் அதை நம்பிப் போனவர் எதிரில் வந்த பஸ்ஸில் மோதப் பார்த்திருக்கிறார். டாக்டர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. திரையும் பொய் சொல்லவில்லை. பிறகு எங்கேதான் தப்பு? எவ்வளவு யோசித்தும் நுனி அகப்படவில்லை.

அவர் நீலக் கோட்டைக் கழற்றினார். மடித்தார். ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார்.

"என்னங்ணா இது?" என்றார் கோகிலவாணி.

"எனக்கு ஏறாதுங்க அம்மணி. தப்புப் பண்ணியிருந்தா, இதுதான் தப்புன்னு தெரிஞ்சு திருத்திக்குவேன். நான் எல்லாமே சரியாத்தான் பண்ணினேன். எனக்கு நெசம் சொல்ற வண்டி அவங்களுக்குப் பொய் சொல்லுது. இது என்னன்னே புரியாதவன், நாளைக்கு இன்னொருத்தர் உசுரை எப்படிக் கையில எடுக்கறது? நான் போயிடறேனுங்க."

"போலாம். மொதல்ல உக்காருங்க."

கோகிலவாணி கோட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். சென்னியப்பன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கோகிலவாணி இன்னொரு ஸ்டூலை இழுத்து, முழங்காலுக்கு முழங்கால் எதிரில் உட்கார்ந்தார். டயரில் குறி போடும் சாக்பீஸ் ஒன்று அவர் கையில் இருந்தது.

"டாக்டர், ஆபரேசனுக்கு முந்தி, எந்தக் கண்ணுன்னு மறக்காம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"புருவத்துக்கு மேல பேனாவுல ஒரு புள்ளி வெப்பேன்" என்றார் டாக்டர்.

"எதிர்ல உக்காந்துதானுங்களே?"

"ஆமா. இப்ப நீ உக்காந்திருக்கற மாதிரிதான்."

"அண்ணா, உங்களுக்கு எந்தக் கண்ணுல புரை இருந்துச்சு?"

"இடதுலீங்க."

கோகிலவாணி தன் இடது கையைக் காட்டினார். "என்ர இடது இந்தப் பக்கம்." அந்தக் கையை நேராக நீட்டி, தனக்கு நேர் எதிரே அந்தப் பக்கம் இருந்த புருவத்துக்கு மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். "அப்ப இதுதான் அந்தக் கண்ணு."

"அய்யோ, இல்லீங்க அம்மணி!" சென்னியப்பன் பதறித் தலையைப் பின்னுக்கு இழுத்தார். "இது என்ர சோத்தாங்கைப் பக்கமுங்க. இது நல்ல கண்ணு. புரை இருந்தது அந்தப் பக்கம்."

"எனக்கு இது இடதுதானுங்களே."

"உங்களுக்கு இடதா இருந்தா என்னங்க? கண்ணு என்ரதுங்களே!"

சொன்னவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

மெதுவாகத் தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தார். அது அவருக்கு எதிரில், அவரைப் பார்த்தபடி நின்றது. இரண்டு விளக்குகளும் இரண்டு கண்கள் மாதிரி இருந்தன. தன் சோத்தாங்கையைத் தூக்கினார். பிறகு மற்றக் கையைத் தூக்கினார். வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் சோத்தாங்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சென்னியப்பன் வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு எங்க நின்னு ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார் கோகிலவாணி.

"பானெட்டுக்கு எதிர்லீங்க" என்றார் சென்னியப்பன். "எப்பவும் நிக்கற எடத்துல."

கோகிலவாணி தோளிலிருந்த கோட்டை எடுத்து நீட்டினார். அதன் மேல் கைக்கருவியை வைத்தார்.

"நீங்களே பண்ணுங்க."

சென்னியப்பன் கோட்டை மாட்டிக்கொண்டார். முதலில் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை உள்ளிருந்து அடைத்தார். இருபது இருந்த டயரையும் நாற்பது இருந்த டயரையும் முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு டிரைவர் கதவுக்குப் போனார்.

"டாக்டரம்மா, ஒரு நிமிசம் இறங்கறீங்களா? நான் உக்காந்து பாக்கோணும்."

டாக்டர் இறங்கினார். சென்னியப்பன் ஏறி உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் எத்தனையோ முறை அந்த மாதிரி வண்டிகளுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார், டிரைவர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. நீண்ட சிவப்பு மூக்கு இப்போது அவருக்கு முன்னால் நீண்டிருந்தது. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, "இது இடது. இது வலது" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டார். வண்டியைக் கற்றுக்கொள்ளும் நிலையில் வைத்துவிட்டு இறங்கினார்.

இந்த முறை அவர் வண்டியைச் சுற்றி வரும்போது, முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை வண்டி அவருடைய வலது கைப் பக்கமாகவே இருந்தது. ஹாரன் ஒருமுறை ஒலித்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. கடைசியில் இரண்டு முறை.

"டாக்டரம்மா, ஏறி உக்காருங்க. இப்ப ஒரு டயர்ல காத்தை இறக்குவேன். எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்க திரையைப் படிங்க. படிச்சுட்டு அது எந்த டயருன்னு கையக் காட்டுங்க."

புஸ்ஸென்று காற்று போனது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"முன்னாடி வலது" என்று டாக்டர் படித்தார். ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி முன் சக்கரத்தைக் காட்டினார்.

அந்த விரல் காட்டிய இடத்தில் சென்னியப்பன் குந்தியிருந்தார்.

நான்கு டயரையும் அப்படியே சோதித்தார்கள். காற்றை நிரப்பியதும் விளக்கு அணைந்தது. ஒன்பதரை ஆகியிருந்தது.

"மலை ஏறலாமா?" என்று டாக்டர் கோகிலவாணியிடம் கேட்டார்.

கோகிலவாணி சென்னியப்பனைப் பார்த்தார்.

"ஏறுங்க டாக்டரம்மா" என்றார் சென்னியப்பன்.

டாக்டர் வண்டியைக் கிளப்பினார். "நெத்தியில வட்டத்தை அழிச்சுட்டு ஊட்டுக்குப் போங்க. நான்தான் போட்டேன்னு உங்க சம்சாரம் நெனைச்சுக்கப் போறாங்க" என்றார். சிவப்பு வண்டி சந்து முனையில் திரும்பிப் போனது.

சென்னியப்பன் துணியால் நெற்றியைத் துடைத்தார். அளவுமானியை அதன் இடத்தில் மாட்டினார். கோகிலவாணி காற்றுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மணி."

"சொல்லுங்ணா."

"முப்பத்தோரு வருசமா இடது ஸ்குரு, வலது ஸ்குருன்னு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அத்தனையும் தப்புங்களா?"

கோகிலவாணி குழாயை ஆணியில் மாட்டினார்.

"தப்பில்லீங்ணா. அப்பெல்லாம் கேட்டவங்களும் உங்க பக்கத்துலதான் நின்னாங்க, வண்டிக்குள்ள யாரும் உக்காந்திருக்கலீங்க."